பக் குட்டி வாங்குவோரும் வரி விளம்பரங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் “பஞ்ச் ஃபேஸ் பக் குட்டிகள், 40 நாள், ஆண் பெண் இரண்டும் உண்டு” என்று, முகம் அமுங்கிய பக் இன நாய்க்குட்டிகளுக்கான ஒரு விளம்பரமும், அதற்குச் சற்றுக் கீழே ஏறக்குறைய அதே சொற்களில் இன்னொன்றும் வெளியாகியிருந்தன. இதைப் போன்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நாங்களும் ஒரு பக் குட்டியை வாங்கினோம் என்பதால், அந்த இரண்டு வரிகளுக்குள் எத்தனை செய்திகள் மறைந்திருக்கின்றன என்பதை மற்ற வாசகர்களும் தாங்களும் அறிய வேண்டும் என்று கருதி இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, திருச்சி உறையூரில் மகன் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். பேத்தி கேட்டாள் என்பதற்காகக் குட்டி பார்க்கப் போனபோது, ஓர் அட்டைப் பெட்டிக்குள் நான்கு குட்டிகள் இருந்தன. மூன்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. நான்காவது மட்டும் மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. அதைச் சாது என்று நினைத்தோம். அதன் முகம்தான் மற்றவற்றைவிட அதிகமாக அமுங்கியிருந்தது என்றும், அதுவே அசல் இனத்துக்கு அடையாளம் என்றும் விற்றவர் சொன்னதை நம்பி, இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அதையே தூக்கி வந்தோம். பேத்தி லட்டு என்று பெயர் வைத்தாள். அது தூங்கும்போது விட்ட குறட்டையைக் கேட்டு வீடே சிரித்தது. கைப்பேசியில் பதிவு செய்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினோம். அந்தக் குறட்டை மூச்சுக்குத் திணறும் ஓர் உயிரின் ஓசை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் தடுப்பூசிக்காகக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, 45 நாள் என்று சொல்லி விற்கப்பட்ட இதற்கு ஐந்து வாரம்கூட நிறைந்திருக்காது என்றார். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து முளைக்கத் தொடங்கி எட்டாவது வார அளவில் 28-ம் வந்துவிடும் என்பதால், பழகிய கண்ணுக்கு வயது தெரிந்துவிடுமாம். தாயிடமிருந்தும் உடன்பிறந்தவற்றிடமிருந்தும் அவ்வளவு சீக்கிரம் பிரித்ததன் விளைவை அடுத்த பல மாதங்கள் பார்த்தோம். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடித்தான் கற்றுக்கொள்கின்றன. லட்டுவுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. பேத்தியின் கை முழுதும் கீறலாகவே இருந்தது.

அதைவிடப் பெரிய பாடம் அடுத்த மே மாதத்தில் வந்தது. கத்திரி வெயில் நாளொன்றில், மாலை ஐந்தரை மணிதானே என்று மகன் அதைத் தெருக்கோடி வரை நடத்திச் சென்றான். திரும்பி வரும் வழியில் கால்கள் பின்னிக் கீழே விழுந்தது. நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. வாயில் நுரை கெட்டியாகக் கோத்துக்கொண்டு நின்றது. வாசல் குழாயடியில் கிடத்தி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மருத்துவமனையில் அளந்தபோது லட்டுவுக்கு 41-ஐத் தாண்டியிருந்தது. பிழைத்தது எங்கள் பாக்கியம். அதன்பின் மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும், தொண்டைக்குள் தொங்கிய மென்னண்ணத்தின், அதாவது மேல்வாயின் பின்பகுதியிலுள்ள மென்மையான சதையின், நீளத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை நடந்தது. குட்டியின் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் செலவாயிற்று. பணத்தைக் குறையாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாங்கள் மூச்சைக் கேட்டுத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த உயிர் அவ்வளவு வேதனைப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைப்பதன் மூலமும், மூக்கினுள் சுருள் சுருளாக உள்ள ஈரமான சவ்வுகளின் வழியே காற்றைச் செலுத்துவதன் மூலமுமே அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக்கின் முகத்தில் எலும்பு குறுகிவிட்டதே தவிர, அதற்குள் இருக்க வேண்டிய தசையும் சவ்வும் அதே விகிதத்தில் குறையவில்லை. சிறிய பெட்டிக்குள் பெரிய துணியைத் திணித்தது போல எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு காற்றுப் பாதையை அடைக்கின்றன. மூச்சை இழுக்க அது செய்யும் முயற்சியே உடலில் கூடுதல் சூட்டை உண்டாக்குகிறது; அந்தச் சூட்டைத் தணிக்க இன்னும் வேகமாக இளைக்கிறது; இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கிப் பாதை மேலும் சுருங்குகிறது. திருச்சி, மதுரை, வேலூர் போன்ற ஊர்களின் கோடையில் இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் மிகக் குறைந்த நேரமே நம் கையில் இருக்கும்.

இந்த இனம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீன அரண்மனைகளில் மடியில் வைத்து வளர்க்கப்பட்டு, பின்னர் ஹாலந்து வழியாக ஐரோப்பாவெங்கும் பரவிய நாய் இது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-இல் தம்மையும் தம் வளர்ப்பு நாயையும் சேர்த்து வரைந்த ஓவியத்தில் இருப்பதும் பக்தான். அதற்கு மூக்கு முன்னால் நீண்டு தெளிவாகத் தெரிகிறது. பின்னால் வந்தவர்கள் முகம் மேலும் மேலும் அமுங்கிய குட்டிகளையே இணை சேர்த்து இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2022-இல் லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி ஓர் இயல்பான நாயாகக் கருத முடியாது என்றே எழுதினார்கள். நெதர்லாந்து அரசு, மூக்கின் நீளம் தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத நாய்களையே இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதை இலக்காக வைத்து 2019-இல் விதிமுறைகளை வகுத்தது. நம் மாநிலத்திலும் 2024-இல் வெளியிடப்பட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத அயல்நாட்டு இனங்களின் பட்டியலில் பக்கையும் சேர்த்தது. அக்கொள்கை உயர் நீதிமன்றம் வரை சென்றது. வழக்கின் நியாயங்களுக்குள் நான் போகவில்லை. வெயில் காலத்தில் லட்டுவின் விலாவில் கை வைத்துப் பார்த்தவள் என்ற முறையில், அந்தப் பட்டியலில் பக்கைச் சேர்த்தவர்களின் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆயினும் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஓடிய அந்த நாய் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நம் குழந்தைகளுக்குப் பக் மீதான ஆசை குறையவில்லை. பக்கின் குணமும் அந்த ஆசைக்குத் தகுதியானதே. மனிதர்களை விட்டு அகலாது. குழந்தைகளிடம் பொறுமை காட்டும். சிறிய வீட்டிலும் வளரும். வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்களிடம் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் சொல்லியாக வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் எதிர்வீட்டார் பக் குட்டி பார்க்கப் போனபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றார்கள். முதலில் போன இடத்தில் தாய் நாயைக் காட்டச் சொன்னோம். அது வேறோர் ஊரில் தோட்டத்து வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். தந்தை நாயைப் பற்றிக் கேட்டதற்குக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தாயைக் காட்ட முடியாத இடத்தில் குட்டி வாங்கக் கூடாது என்பதே நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை. குட்டியின் மூச்சு எப்படி வளரும் என்பதை எட்டு வாரக் குட்டியிடம் முழுமையாகக் கண்டுகொள்ள முடியாது. வளர்ந்த தாயிடம் கண்டுகொள்ளலாம். இரண்டாவதாகப் போனது மணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. அங்கே தாய் நாயை முற்றத்தில் மூன்று நிமிடம் விரைந்து நடக்க வைத்துக் காட்டுமாறு கேட்டோம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வகுத்த மூச்சுப் பரிசோதனையும் ஏறக்குறைய இதுதான்: நடப்பதற்கு முன்னும் பின்னும் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் இடுவார். எங்களிடம் ஸ்டெதாஸ்கோப் இல்லை, காது இருந்தது. அந்தத் தாய் நடந்து வந்து, சற்று இளைத்து, இரண்டு நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தது. கரகரப்போ சீழ்க்கை போன்ற ஓசையோ இல்லை. அந்த ஈற்றில்தான் குட்டி எடுத்தார்கள்.

குட்டியிடம் பார்க்க வேண்டியவையும் உண்டு. மூக்குத் துவாரம் கோடு போல ஒட்டியிருக்காமல், கறுப்பாக உள்ளே தெரியுமளவு திறந்திருக்க வேண்டும். கண்ணில் நீர் வடிவதோ வெண்படலமோ, இமை மயிர் விழியில் உரசுவதோ கூடாது. மூக்கின் மேல் மடிப்பு கண்ணைத் தொடும் அளவுக்குத் தடித்திருந்தால், இன்று அழகாகத் தோன்றும் அது நாளை விழிப்படலத்தில் புண்ணை உண்டாக்கும். நடக்கும்போது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் சில்லு விலகுவது இவ்வினத்தில் மிகுதி. சுருண்ட வால் அழகுதான் என்றாலும், அது வால் எலும்பின் வடிவக் குறையால் வருவது; அதே குறை முதுகெலும்பிலும் இருந்தால் பின்னங்கால்கள் தளரக்கூடும். மூலையில் ஒதுங்கி இருக்கும் குட்டியைச் சாது என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். ஓடி வந்து விரலை முகர்ந்து, கீழே விழுந்த சாவிக்கொத்தின் ஓசைக்குத் தலையைத் திருப்புகிற குட்டியே நல்ல குட்டி.

சட்டமும் வாங்குபவரின் பக்கம் இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி போட்டு விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் பொருத்தி, தடுப்பூசி விவரங்களுடன் ஆவணம் வைத்திருக்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனியாக விதிகள் வந்தன. எட்டு வாரம் என்பது 56 நாள். அப்படியானால் தங்கள் நாளிதழில் வெளியான “40 நாள்” என்ற சொல்லே விதிமீறலின் ஒப்புதல் ஆகிறது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருக்கிறதே என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்தச் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும். மூச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

வீட்டுக்கு வந்த குட்டிக்கு முதல் சில நாட்கள் குளியலோ விருந்தினர் கூட்டமோ வேண்டாம். விற்றவர் கொடுத்துவந்த உணவையே ஒரு வாரம் தொடர்ந்து, பிறகு சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் தொடர வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் அப்படியே. உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலால் இறக்கும் நாய்கள் ஏராளம். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியிடம் உரிமமும் பெற்றாக வேண்டும்.

உணவைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்ததால்தான் சொல்கிறேன். பக் எவ்வளவு கொடுத்தாலும் போதும் என்னாது. அந்த உருண்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கும். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை என்று அளந்து வைத்துவிட்டு, அதற்கு மேல் முறுக்கோ பிஸ்கட்டோ தரக்கூடாது. வளர்ந்த பக் ஆறிலிருந்து எட்டு கிலோ இருந்தால் போதும். விலாவின் மேல் கையால் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் நாம் அன்பால் அதன் மூச்சை அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். மீந்த சாம்பார் சாதம் வைப்பது நம் வழக்கம். அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதை நான் அறிந்ததே மருத்துவர் சொல்லித்தான். பாயசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் தாக்கும்.

முகத்து மடிப்புகளைத் தினமும் ஈரப் பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் புண்ணும் நாற்றமும் வந்துவிடும். கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள். மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். கழுத்தில் அழுத்தம் கொடுத்தால் மூச்சு அடைபடுவதோடு, இந்த இனத்தில் விழியே பிதுங்கி வெளியே வந்துவிடும் அபாயமும் உண்டு. கண் சிவந்தாலோ, ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் பார்வை போய்விடலாம்.

கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பும், இரவில் தரை ஆறிய பின்பும் மட்டுமே வெளியே அழைத்துச் செல்லுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும். மொட்டை மாடியிலோ நிறுத்திய காரிலோ ஒரு கணமும் விடாதீர்கள். மின்வெட்டு நேரத்துக்கென்று தரையில் ஈரம் தெளித்த, காற்றோட்டமுள்ள ஓர் இடம் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். வெப்பம் தாக்கிவிட்டது என்று தோன்றினால் முதலில் உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறியின் கீழ் கிடத்துங்கள். அதன்பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இவற்றையெல்லாம் செய்ய நேரமும் மனமும் இல்லாதவர்கள், வீட்டில் பகல் முழுதும் ஆளில்லாதவர்கள், பக்கை நினைக்கவே வேண்டாம். நம் தெருவில் பிறந்த குட்டி ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டு வளர்த்தால் அதுவும் வாசலில் காத்திருக்கும். கத்திரி வெயிலையும் தாங்கும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் வேண்டுவது இரண்டே. நாய்க்குட்டி விற்பனைக்கான வரி விளம்பரத்தை ஏற்கும்போது, விலங்குகள் நல வாரியப் பதிவு எண்ணையும் குட்டி பிறந்த தேதியையும் கேட்டுப் பெற்று, அவற்றை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். பதிவு எண் தராதவரின் விளம்பரத்தையும், 56 நாள் நிறையாத குட்டிக்கான விளம்பரத்தையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வரிக்கான கட்டணத்தால் நாளிதழுக்குக் கிடைக்கும் வருமானம் சிறிது. அதைப் படித்துவிட்டு அட்டைப் பெட்டிக்குள் குனிந்து பார்க்கும் குடும்பங்கள் பல.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
உறையூர், திருச்சிராப்பள்ளி.